இருபது நிமிடத்துக்கு ஒரு மிடறு

அண்ணா,

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பலாபத்வலையில் எங்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று வீதி முழுக்கக் கொடி. ரோட்டோரம் மேசை போட்டு, வாழையிலைத் துண்டுகளில் பாற்சோறு வெட்டி வைத்து, ஜன்னல் ஜன்னலாக நீட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. வாங்கிக்கொண்டேன், வாங்காதவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். பின்னால் இருந்த கடையில் எள் வறுபட்டுக்கொண்டிருந்தது. யுத்தம் நடந்தாலும் முடிந்தாலும் அவர்கள் தலகுலி என்ற எள்ளு மிட்டாய் இடிப்பதை நிறுத்துவதில்லை. எள்ளும் கித்துள் கருப்பட்டியும் உரலில் சேரும் அந்த வாசனை வந்ததும், கையில் இருந்த பாற்சோறு மறந்துபோனது. உங்கள் சைக்கிளும், அதன் பாரில் வரிசையாக ஒட்டியிருந்த பன்னிரண்டு தலகுலிகளும்தான் கண்முன் நின்றன.

பேக்கரியில் பாண் எடுத்து, மரப்பெட்டியில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் மிளகுத் தோட்டத்து மேட்டுக்கு மிதித்து வருவீர்கள். ஏறும்போது பெட்டி கனம், இறங்கும்போது காலி. "இதை மாத்தி வச்சிருந்தா கடவுள் நல்லவர்னு சொல்லலாம்" என்பீர்கள். பெரியம்மா சிலுவை போட்டுக்கொள்வார். அவருக்கு நீங்கள் ஒரே பிள்ளை. எனக்கு நீங்கள் கூடப் பிறக்காத அண்ணன்.

அந்தப் போட்டித் தாளைக் கொண்டுவந்தவர் சமிந்த, கராஜில் வேலை செய்யும் உங்கள் சிநேகிதர். கொழும்பிலிருந்து ஒரு கழகம் தம்புள்ளைப் பக்கம் ஒரு போட்டி நடத்தப்போகிறது என்றார். குளத்தில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், கரையேறி ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது. தாள் முழுக்க ஆங்கிலம். எனக்கு அப்போது பதினைந்து வயது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

"எதுக்குண்ணா இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டேன்.

"முடிச்சவங்க பேரெல்லாம் பேப்பர்ல போடுவாங்களாம். நம்ம பேரு எங்க வருது? வோட்டர் லிஸ்ட்லகூடப் பிழையாத்தான் இருக்கு."

அன்றிலிருந்து எனக்கு மெனேஜர் நோனா, அதாவது மெனேஜர் அம்மா, என்று பெயர் வைத்தீர்கள். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நீச்சல் கண்ணாடி சமிந்தவின் மச்சான் வேலை செய்த ஹோட்டலில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போனது; ஒரு பக்கம் தண்ணீர் புகும். நாலந்தா நீர்த்தேக்கத்தில் அந்தக் கண்ணை மூடிக்கொண்டே நீந்திப் பழகினீர்கள். பழைய டியூபை வெட்டி, தண்ணீர்ப் போத்தல் இரண்டைச் சைக்கிளில் கட்டினோம். கன்வஸ் சப்பாத்தின் லேஸைக் கழற்றிவிட்டு லாஸ்டிக் கோத்தோம். குனிந்து முடிச்சுப் போடும் நேரம் மிச்சம். லாஸ்டிக் பெரியம்மாவின் பழைய பாவாடையிலிருந்து உருவியது. "பாத்து ஓடு. அது நடுரோட்டுல காலை வாருற லாஸ்டிக்" என்றார் பெரியம்மா. முற்றத்தில் உங்கள் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஈரக் காலைப் பவுடர் போட்ட சப்பாத்துக்குள் விட்டு, சைக்கிளில் ஏற வேண்டும். முதல் நாள் மூன்று நிமிடம் ஆனது. கடைசியில் ஐம்பது விநாடிக்கு வந்துவிட்டீர்கள்.

சாப்பாடு என் பொறுப்பு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குடிக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு ஓடுமுன்னும் ஓடியபின்னும் நிறை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குறைந்த நிறைதான் போன வியர்வை. தோட்டத்து ஸ்டோரில் மிளகு மூட்டை நிறுக்கும் தராசின் கொக்கியைப் பிடித்துத் தொங்கினீர்கள். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வந்து மறுபடி தொங்கியபோது, ஸ்டோர்க்காரர் உங்கள் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரக்கு ஈரமா இருக்கு தம்பி. காய வச்சுக் கொண்டா, அப்பதான் விலை" என்றார். இரண்டு கிலோ குறைந்திருந்தது. இரண்டு லீட்டர் என்று எழுதிக்கொண்டேன். உப்பும் சீனியும் தேசிக்காயும் கலந்த தண்ணீர், அவித்த மரவள்ளி, வாழைப்பழம், தலகுலி. தலகுலியின் வண்ணக் கடதாசியில் முறுக்கிய ஒரு முனையை மட்டும் பாரில் ஒட்டினால், ஒற்றைக் கையால் இழுக்கும்போதே கடதாசி கிழிந்து வாய்க்குப் போகும். அது என் கண்டுபிடிப்பு. "மெனேஜர் நோனாவுக்குச் சம்பளம் அதிகப்படுத்தணும்" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு முழுப் பயிற்சி. பலாபத்வலையில் புறப்பட்டு, நாலந்தா வழியாகத் தம்புள்ளை தாண்டிப்போய்த் திரும்பினால் சைக்கிள் தூரம் சரியாக வரும், மிச்சம் ஓட்டம். அதற்கு நான் ஒரு பட்டியல் எழுதினேன். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும். இராணுவக் காவலரணில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதால் நேரம் பிசகியது. அதையும் விடாமல் சேர்த்தேன். இரண்டு ஞாயிறு சமிந்தவின் தங்கையோடு பஸ்ஸில் போய், மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு குறித்தேன்: நாலந்தாவுக்கு முந்திய காவலரண், ஞாயிறு காலை இரண்டு பேர் மட்டும், மூன்று நிமிடம். அடுத்தது நான்கு பேர், பையைத் திறப்பார்கள், ஆறு நிமிடம். ஆறே காலுக்கு ஆள் மாறுவார்கள், அதற்கு முன் கடந்துவிட வேண்டும்.

கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அழுத்தி, அழகாக, தமிழில் எழுதினேன். பொலிதீனில் போட்டு ஹேண்டிலில் ஒட்டியதும் நானே. அதைப் பார்த்தவர்கள் நீங்கள், சமிந்த, பெரியம்மா, அப்பா. நாலு பெரியவர்களில் ஒருவருக்கும் அது வேறு மாதிரிப் படவில்லை. நமக்குள் அது மரவள்ளிக் கிழங்குக் கணக்கு.

பத்து நாற்பதுக்கு நீங்கள் ஓடி முடித்திருக்க வேண்டும். பேக்கரி வாங்குப் பலகையில் நாலு இளநீரை வரிசையாக வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். பதினொன்றரைக்கு, உங்களோடு மிதித்துப்போன சமிந்த மட்டும் வந்தார். தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு, ஒரு கையால் உங்கள் சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்தார். பாரில் ஒன்பது தலகுலி அப்படியே இருந்தன.

"நங்கி, காவலரண்ல அவங்க கேட்டாங்க யார் எழுதினது சொல்லி. நான் சொன்னேன் இது ரேஸ் பேப்பர் சேர், சாப்பாடு பேப்பர். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வந்து வாசிச்சார். பிறகு நான் சொன்னது ஒண்ணும் கேக்கல."

"அண்ணா என்ன சொன்னாங்க?"

"நான்தான் எழுதினது சொன்னான். ரெண்டு தரம் கேட்டாங்க. ரெண்டு தரமும் அதுதான் சொன்னான்."

அன்று பின்னேரம் அப்பா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "அது உன் எழுத்துன்னு ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. போனா உன்னையும் தூக்கிட்டுப் போவாங்க." பெரியம்மா அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். "தம்பி, இவ எழுதுனதுன்னு சொன்னா அவனை விட்டுருவாங்களா?" என்று கேட்டார். அப்பா சாத்திய கதவின் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பெரியம்மா அதை ஒருமுறைதான் கேட்டார். அடுத்த நாள் எனக்குத் தலை வாரிப் பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தவரும் அவர்தான். நான் போனேன். அன்று சுகாதாரப் பாடம். கேள்விக்கெல்லாம் கை தூக்கினேன்.

நீங்கள் ஒன்பது மாதம் கழித்து வந்தீர்கள். எங்கே வைத்திருந்தார்கள் என்று நீங்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முகம் ஊதி, கால் வீங்கி, சப்பாத்துக்குள் போகாத பாதத்தோடு பேக்கரி வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் வந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க மூன்று வசனம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"உன் கணக்கு சரிதான். ஆறேகாலுக்குத்தான் ஆள் மாறுறாங்க. அவங்களே ஆச்சரியப்பட்டாங்க" என்றீர்கள்.

பிறகு பாண் சுற்றும் கடதாசியை இழுத்து, என் பேனாவை வாங்கி எழுதினீர்கள்: 5.40 நாலந்தாச் சந்தி, தண்ணீர் அரைப் போத்தல், தலகுலி ஒன்று. கோணல் மாணலாய் எழுதும் உங்கள் கையிலிருந்து என் எழுத்து வந்தது. அதே சுழி, அதே அழுத்தம். "என் எழுத்துன்னா எழுதிக் காட்டுன்னாங்க. முதல்ல வரல. தினமும் எழுதுனேன். அங்க இருந்து வந்ததுல ஒரே லாபம், கையெழுத்து நல்லாயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. திட்டியிருக்கலாம்.

கண்டி ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்றார்கள். உடம்பில் பட்ட அடியில் தசை சிதைந்தால் அதன் கழிவு போய் அங்கே அடைக்கும் என்பதைப் பிறகு உயிரியல் புத்தகத்தில் வாசித்தேன். வாரத்துக்கு இரண்டு தரம் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்தார்கள். நர்ஸ் சிங்களத்தில் ஒரு பட்டியல் தந்தார். அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான். உப்பு கூடாது. வாழைப்பழம் கூடாது. எள் கூடாது. மரவள்ளி கூடாது. இளநீர் கூடவே கூடாது. தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லீட்டர், தேத்தண்ணியும் அதற்குள். நான் உங்களுக்கென்று தேடித் தேடிச் சேர்த்த ஒவ்வொன்றும் அதில் நஞ்சாக இருந்தது. ஸ்டோர்த் தராசில் நிறை பார்த்த மாதிரியே அங்கேயும் பார்த்தார்கள். இப்போது நிறை கூடினால் குற்றம். அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மருந்துக் கோப்பையால் அளந்து அளந்து தந்தேன். உங்கள் உதடு வெடித்திருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒரு மிடறு என்று எழுதியவள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மிடறு தந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை, பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, கட்டிலில் இருந்தபடி கூப்பிட்டீர்கள். "மெனேஜர் நோனா. ஒரு இளநீர் வெட்டிட்டு வா."

"லிஸ்ட்ல இல்லண்ணா."

"ஒரு வாய்."

"லிஸ்ட்ல இல்ல."

"சரி, சரி. நீ லிஸ்ட்ல இல்லாததை எப்ப செஞ்சிருக்க?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

புதன்கிழமை விடிய நீங்கள் இல்லை. அடக்கம் முடிந்த பிறகு அப்பா சொன்னார், இனி ஒன்றும் செய்ய முடியாது, கேட்டதைக் கொடுங்கள் என்று டொக்டர் முந்தைய வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாராம். "ஏன்பா எனக்குச் சொல்லல?" என்றேன். "உனக்குப் பரீட்சை இருந்துச்சே மகள்" என்றார். பரீட்சையில் எனக்கு நல்ல பெறுபேறு. அதுவும் ஒரு பட்டியலில் ஒட்டியிருந்தது.

நேற்று அந்தப் பாற்சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பழைய கொப்பிகளைக் கிளறினேன். பட்டியலுக்குத் தாள் கிழித்த கொப்பி கிடைத்தது. அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. விரலை ஓடவிட்டால் குழி குழியாகத் தட்டுப்பட்டது. பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தேன். கறுப்புக்குள் வெள்ளையாக ஒவ்வொரு வரியும் எழுந்து வந்தது. சந்திகள், நிமிடங்கள், இரண்டு பேர், நான்கு பேர். அடியில் கடைசி வரி: 10.40 முடிவு. இளநீர், தாகம் தீரும் மட்டும்.

அந்தக் கொப்பியை இன்று புத்தகப் பையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். நாளையும் கொண்டுபோவேன். யுத்தம் முடிந்தாலும் மாத்தளை ரோட்டுக் காவலரணில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறக்கச் சொல்கிறார்கள். காலையில் சிப்பாய் அந்தக் கொப்பியைக் கையில் எடுத்தான். அந்தப் பக்கம் வந்தது. கறுப்புப் பென்சில் தேய்ப்பையும் நடுவில் வெள்ளை எழுத்தையும் ஒரு கணம் பார்த்தான். இது யார் எழுதியது என்று கேட்பான் என்று நின்றேன். இரண்டு மொழியிலும் பதில் வைத்திருந்தேன், அண்ணா. நான்தான் எழுதினேன் என்ற ஒரே வசனம்.

அவன் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த பிள்ளையின் பையைத் திறந்தான்.