உன் ரத்தத்துக்கு என்னைத் தெரியாதாம்

தம்பிக்கு,

நலமா என்று கேட்பது மரபு. கேட்டாயிற்று. என் நலத்தைத் தங்கை போனில் ஒப்பாரியாகவே வைத்திருப்பாள்.

இந்த ஆஸ்பத்திரி அறையில் எல்லாமே குமட்டுகிறது. தரை துடைக்கும் மருந்தின் வாடை குடிக்கிற தண்ணீரிலும் வருகிறது. வாயெல்லாம் புண். முடி தலையணையோடு போயிற்று. பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் பதவி உயர்வை வருடக்கணக்கில் அமுக்கி வைத்திருந்த மேலாளரும் வந்தார். "நீங்க இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றார். அதற்கு வாந்தியே மேல்.

விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு மருந்து ஏற்றியும் ரத்தப் புற்று எங்கோ மிச்சம் ஒளிந்திருக்கிறது. என் எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு, புது ரத்தம் ஊறுவதற்கு வேறொருவரின் ஸ்டெம் செல்களை ஏற்ற வேண்டும். முழுப் பொருத்தம் யாரிடமும் இல்லை. தங்கை கேட்டு நீ சோதனைக்குக் கொடுத்த ரத்தத்தின்படி, நீயும் அவளும் பாதிப் பொருத்தம். தங்கை போதும் என்றேன். டாக்டரம்மா உன்னைத்தான் கேட்கிறார்.

ரத்தத்தில் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ஒரு காவல் படை உண்டாம். எதிர்ப்படும் அணுவிடம் 'நம்ம ஆள்' என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்குமாம். இல்லையென்றால் அடித்துவிடுமாம். உன் அணுக்கள் தேடும் அடையாளம் என்னிடம் இல்லை. அதனால் ஒளிந்திருக்கும் புற்றை அவை விட்டுவைக்காது. உத்தரவாதம் கிடையாது, வாய்ப்பு கூடுதல் என்றார். தங்கையின் அணுக்களோ என்னை நம்ம ஆள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடக்கூடுமாம். "வாந்திச் சட்டி எடுத்தது நான், பொருத்தம் மட்டும் அவனுக்கா?" என்று அவள் அழுதாள்.

அப்பாவைக் கிடத்தியிருந்த கூடத்தில், அத்தனை பேர் எதிரே, "யாருய்யா நீ? எனக்கு அண்ணனே கிடையாது" என்றாயே, உன் ரத்தமும் அதையே சொல்கிறதாம். அதுதான் எனக்கு மருந்தாம். கேட்டபோது அருவருப்பில் உடம்பு கூசியது.

செல்களைக் கொடுக்கத் தங்கை உன்னை அழைத்தபோது, "அவரு வாயால கேக்கட்டும்" என்றாயாம். வாய் புண்ணாகிக் கிடக்கிறது. கையால் எழுதுகிறேன்.

முதலில் சில நாள் ஊசி போடுவார்கள், எலும்பு வலிக்கும். பிறகு இரண்டு கையிலும் குத்தி, ரத்தத்திலிருந்து அந்தச் செல்களைப் பிரித்தெடுக்கும்வரை மணிக்கணக்கில் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். சின்ன வயதில் ஊசி என்றால் நீ கட்டிலுக்கடியில் போய் ஒளிவாய். நான்தான் காலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன். இந்த முறை என்னை வெளியே விடமாட்டார்கள். தங்கையிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அவள் உன் பக்கத்தில் இருப்பாள்.

என்னைப் பார்க்க வேண்டுமென்று கட்டாயமில்லை. கொடுத்துவிட்டு அப்படியே போகலாம். பார்ப்பதானால் செருப்பை வெளியே விட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடிக்குக் கிட்டே வந்து நில். எனக்கு இப்போது பார்வை மங்கல்.

கேட்டுவிட்டேன். வந்துவிடு.

இப்படிக்கு,
உனக்கு இல்லாத அண்ணன்