பிளசர் வரும்போது இறங்காதே என்றேன்

1938 ஜூன் 6, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்த் தங்கச்சியைப் பார்த்து வந்தேன். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை அவளுக்கு. போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுவே வினையாகப் போயிற்று.

கண்மாய்க்கரை வளைவில் பஞ்சுக் கிட்டங்கி முதலாளியின் பிளசர் கார் எதிரே வந்தது. எங்கள் பஸ் ஒதுங்கிக் கொடுத்தது. அப்போதுதான் பார்த்தேன். ரோட்டோரம் கருவேல முள்ளை ஒட்டி ஒருவன் சைக்கிளை விட்டு இறங்கி, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். புழுதி முழுவதும் அவன் தலையில். வேறு யாருமில்லை, என் பேரன் தேவஇரக்கம்.

காருக்குள் முதலாளிகூட இல்லை. அவரைக் கூட்டிவரப் போகிற காலி வண்டி. டிரைவர் சந்தனம் மட்டும் உட்கார்ந்து போகிறான்.

பக்கத்தில் இருந்த பொம்பிளை, “காலி வண்டிக்கே இந்த நிப்பு நிக்கான், மொதலாளி உள்ள இருந்தா தரையில படுத்துருவான் போல” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அவன் என் பேரன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஜூன் 7, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலம் அவன் கைகால் கழுவும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

“ஏலே, நீ சர்க்கார் சம்பளம் வாங்குதவன். ஊரு ஊராப் போயி அம்மை குத்துதவன். காலி பிளசருக்கு எதுக்குலே எறங்குத?”

“ஹாரன் அடிப்பான் அப்பத்தா. எறங்கலைன்னா மேல விடுத மாதிரி வருவான். எல்லாரும்தான் எறங்குதாங்க. செத்த நேரம் நின்னா தேஞ்சா போயிருவேன்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பஸ் பொம்பிளையின் பல்தான் கண்ணுக்குள் நின்றது.

“உங்கப்பன் ரங்கூன்ல வெள்ளைக்காரனுக்கே துண்டை எடுத்தவன் இல்லை. தாயில்லாப் பிள்ளைன்னு உனக்குச் சோறு ஊட்டி வளத்தேன், முதுகெலும்பை வளக்க மறந்துட்டேன். இனிமே எறங்கி நின்னுட்டு வந்து என் வாசல்ல சைக்கிளை நிறுத்தாத.”

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

இப்போது எழுதிப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. சொன்னபோது சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 8, புதன்

களி கிண்டினேன், அவனுக்குப் பிடிக்கும் என்று. பேசாமல் தின்றுவிட்டுப் போனான். நானாகப் பேச்சுக் கொடுப்பேனா?

ஜூன் 9, வியாழன்

அவன் இறங்கவில்லை.

மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே வளைந்து கிடக்கிறது. சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்து அப்பளம் மாதிரி இருக்கிறது. வண்டிக்காரர்கள் சொன்னது: சந்தனம் நீளமாக ஹாரன் அடித்தானாம். இவன் ஓரத்தில்தான் போனானாம், ஆனால் இறங்கவில்லையாம். மறுபடி அடித்தானாம். பிறகு காரை இவன் பக்கமாக ஒடித்தானாம். மட்கார்டு சைக்கிளைத் தட்டியது. இவன் கரையிலிருந்து உருண்டு முள்ளுக்குள் போய் விழுந்தான். கார் நிற்கவில்லை.

அந்தக் கையால்தானே அம்மை குத்த வேண்டும் அவன்.

நாந்தான் சொன்னேன். வேற யாரு சொன்னா? அவம்பாட்டுக்கு எறங்கி ஏறிப் போயிட்டிருந்த பிள்ளை.

ஜூன் 10, வெள்ளி

வைத்தியர் எலும்பை இழுத்து வைத்து, உளுந்து மாவும் முட்டையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். “எப்பவும் எறங்குத பிள்ளைதான, நேத்து மட்டும் ஏம் எறங்கலை?”

நான் குனிந்து மாவுக் கிண்ணத்தை ஓரம் நகர்த்தினேன்.

“கவனிக்கலை அத்தை. என்னமோ யோசனையில போயிட்டேன்” என்றான். என் பக்கம் திரும்பவில்லை.

காட்டிக் கொடுத்திருந்தால் தேவலை. இரண்டு பேர் என்னைத் திட்டியிருப்பார்கள். கொஞ்சம் ஆறியிருக்கும்.

போலீசுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் உபதேசியார். யார் சாட்சி? பார்த்த வண்டிக்காரர்கள் கிட்டங்கிக்குப் பஞ்சு ஏற்றிப் பிழைப்பவர்கள். கேட்டதற்கு, “நாங்க வாரப்ப பிள்ளை விழுந்து கெடந்துச்சு ஆச்சி, அம்புட்டுத்தான் தெரியும்” என்று இன்றைக்கு மாற்றிச் சொல்கிறார்கள்.

ஜூன் 19, ஞாயிறு

கோயிலில் அவனுக்காக ஜெபம் பண்ணினார்கள். வெளியே வந்ததும், “இந்த வயசுல ஒத்தையாளாப் பாக்காளே ஞானரத்தினம் ஆச்சி, என்னா மனதைரியம்” என்று என் காது கேட்கவே பேசினார்கள். முன்பானால் அந்தப் பேச்சுக்கு இன்னும் செத்த நேரம் அங்கேயே நின்றிருப்பேன்.

இன்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 12, செவ்வாய்

ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வெளியூர்க் கூட்டம் சேருமாம், அதற்குள் ஊசி வேலை முடிய வேண்டுமாம், தேவஇரக்கத்துக்குக் கை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். வந்தவனுக்குக் காப்பி கொடுத்தேன். வாய் கொடுக்கவில்லை. என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இப்படி ஒருத்தன் இந்த வீட்டை விட்டுப் போனது இதுவே முதல் தடவை.

ஜூலை 20, புதன்

கட்டுப் பிரித்தாயிற்று. கை சூம்பியிருக்கிறது, ஆனால் நேராக இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வெள்ளரிக்காயை மடியில் வைத்துக் குத்தூசியால் குத்திக் குத்திப் பழகுகிறான். முதலில் ஊசி ஆழமாக இறங்கிற்று. “இந்தப் பிள்ளை செத்துப்போச்சு அப்பத்தா, அடுத்த பிள்ளையக் குடு” என்று காயைத் தூக்கிப் போட்டான். வெகுநாள் கழித்துச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, “ஏலே, இனி பிளசர் வந்தா எறங்கிரு என்ன” என்றேன். லேசாகச் சொல்வது போலத்தான் சொன்னேன்.

ஊசியைக் கீழே வைத்தான்.

“இல்லை அப்பத்தா. நீ சொன்னதுதான் சரி. படுத்துக் கெடந்தப்ப யோசிச்சேன். கையை ஒடிச்ச பொறவு எறங்குனா, ஒடிச்சது சரின்னு ஆயிரும்.”

“நான் ஏதோ கோவத்துல சொன்னேன்லே.”

“கோவத்துல சொன்னாலும் சொன்னது சொன்னதுதான.”

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறான். அதே ரோடு, அதே கார்.

ஜூலை 23, சனி

தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சந்தனத்தின் வீட்டுக்குப் போனேன்.

நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரிசையாக யோசித்துக்கொண்டுதான் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். “ஞானரத்தினம் ஆச்சியா? எதுக்கு இம்புட்டுத் தூரம்...”

கேள்வி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் கூப்பிவிட்டேன்.

“கையை எறக்குங்க ஆச்சி, வீட்டுல பிள்ளைங்க பாக்குதாங்க.” அவன் முகம் கறுத்துப் போயிற்று. “வேணும்னு தட்டலை. பயங்காட்டத்தான் ஒடிச்சேன். மண்ணு சறுக்கிட்டு. பொறவு நிறுத்தப் பயமாப் போச்சு.”

“எதுக்கய்யா பயங்காட்டணும்? உங்க மொதலாளிகூட உள்ள இல்லாதப்ப?”

ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தான். அப்புறம் சொன்னான். “மொதலாளி உள்ள இருந்தா அவருக்கு நிக்காங்க. காலியா வந்தாத்தான் ஆச்சி எனக்கு நிக்காங்க. வண்டிய விட்டு எறங்கிட்டா நான் அந்த வீட்டுல கொல்லைப்பக்கம் உக்காந்து திங்குதவன்.”

இவனை வெறுத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலி வண்டிக்கு நின்றதைப் பார்த்து எனக்கு வலித்ததும், நிற்க வைத்து இவன் சந்தோஷப்பட்டதும் ஒரே ஜாதி நோய்தானோ?

“உங்க பேரனுக்கு மட்டும் ஒதுங்கிப் போறேன்” என்றான். “வெளிய சொல்லப்படாது. தெரிஞ்சா பொறவு ஒருத்தனும் எறங்கமாட்டான், மொதலாளி என் சீட்டைக் கிழிச்சிருவாரு.”

சரி என்றேன். அவன் பெண்டாட்டி மோர் கொடுத்தாள். குடித்தேன்.

ஜூலை 25, திங்கள்

“அப்பத்தா, வழி விட்டாம்ல! ஹாரனே அடிக்கலை. ஓரமா மண்ணுல எறக்கிப் போயிட்டான்.”

சைக்கிளை நிறுத்துவதற்குள் வாசலிலிருந்தே சத்தம் போட்டான். தோசை போடப் போட உள்ளே போகிறது. “பயந்துட்டான் அப்பத்தா. நீ சொன்னது சரிதான்” என்று மூன்று தரம் சொல்லிவிட்டான்.

சட்னி அரைக்கிற சாக்கில் அம்மி பக்கம் போய்விட்டேன். சட்னி ஏற்கெனவே அரைத்து இருந்தது.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கோயில் விட்டதும் வேப்பமரத்தடியில் இவன் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான், சுற்றிலும் ஆட்கள். எறங்காம இருந்தா அவனே ஒதுங்கிருவான், நாமதான் இத்தனை வருசமா ஏமாந்துட்டோம் என்கிறான்.

சைக்கிளில் துணி மூட்டை கட்டி விற்கிற அருளப்பன் இருந்தார். ஐம்பது வயசிருக்கும். “எம்புட்டு வருசமா மூட்டையோட எறங்கி ஏறி எனக்கு முட்டி போச்சு மாப்ளே. இனி நானும் எறங்கலை” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொன்னால் என் பேரன் முகம் அத்தனை பேர் முன்னால் என்ன ஆகும்? என் முகம்? — அதைத்தானே முதலில் நினைத்தேன். பேரன் முகம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 17, புதன்

அருளப்பனை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டது கார். மூட்டை நனைந்து சாயம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று. முன்பல் ஒன்று போயிற்று.

வாயில் துணியை அமுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். “உனக்கு ஒதுங்குதான், எனக்கு ஏம்லே ஒதுங்கலை?” என்று பேரனிடம் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இவன் முழித்தான். பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 18, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான்.

“கும்பிட்டியா?”

“கும்பிட்டேன்.”

“அவனையா, அப்பத்தா?”

“அவனைத்தான்.”

சங்கிலியைச் சுற்றிக்கொண்டே இருந்தான், எண்ணெய் தரையில் சொட்டியது. பிறகு நிமிர்ந்தான். “எறங்காதன்னதும் நீ. எறங்குன்னதும் நீ. எனக்குத் தெரியாமப் போயி வழி வாங்கிட்டு வந்ததும் நீ. நாளைக்கு நான் எறங்கணுமா வேண்டாமா, இப்பச் சொல்லு.”

இந்த வீட்டில் யார் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் என்று ஒரு எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

“எனக்குத் தெரியலைலே” என்றேன்.

அருளப்பன் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவர் பெண்டாட்டி உட்காரச் சொல்லவில்லை. சரிதான். அவர் வீங்கின உதட்டோடு, “நீங்க என்னைய எறங்காதன்னு சொல்லலையே ஆச்சி. நானாத்தான் எறங்கலை” என்றார். எனக்கு அதனால் ஆறவில்லை.

ஆகஸ்ட் 20, சனி

பேரன் நேற்றுக் காரை மறித்தானாம். சந்தனத்திடம், “எனக்கு மட்டும் ஒதுங்க வேண்டாம். ஒதுங்குனா எல்லாருக்கும் ஒதுங்கு, இல்லைன்னா என்னையும் தட்டு” என்றானாம்.

“அவன் என்னலே சொன்னான்?”

“உங்க அப்பத்தா நல்லாருக்காங்களான்னு கேட்டான்.”

ஆகஸ்ட் 22, திங்கள்

காலையில் அருளப்பன் புது மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினார்கள். பார்த்துப் போங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. எது சொன்னாலும் அது ஒரு உத்தரவாகிவிடும் போலப் பயம்.

தோசைக் கரண்டியோடு ரோட்டில் போய் நின்றேன். இங்கிருந்து வளைவு தெரியாது, சத்தம் கேட்கும். ஹாரன் கேட்டது, நீளமாக. மறுபடியும் ஒரு தரம். பிறகு ஒன்றும் இல்லை. என்ன ஜெபம் பண்ணினேன் என்று ஞாபகமில்லை, ‘கர்த்தாவே’க்கு மேல் போகவில்லை.

அப்புறம் சைக்கிள் மணி, இரண்டு. ஒன்று அருளப்பனுடைய கம்மின மணி. வளைவுக்கு அந்தப்புறம், போய்க்கொண்டே.

கொஞ்ச நேரத்தில் பிளசர் இந்தப் பக்கம் வந்தது. மெதுவாக வந்தது. இடது சக்கரம் இரண்டிலும் ஓரத்துச் செம்மண். பின்சீட்டில் முதலாளி இருந்தார். முன்னால் குனிந்து, விரலை நீட்டி நீட்டி, சந்தனத்தின் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். சந்தனம் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

அவன் பெண்டாட்டி கொடுத்த மோர் ஞாபகம் வந்தது. நாளைக்கு மடவார் வளாகம் போக வேண்டும். இந்தத் தடவை பேரனிடம் சொல்லிவிட்டுப் போவேன்.