பதினோரு டம்ளர் காபி

அரியலூர்
25-3-44

அப்பாவுக்கு நல்லுசாமி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே கொஞ்சம் காலரா. பயப்பட ஒன்றுமில்லை, ஊசி போட்டுக்கொண்டேன். கல்லங்குறிச்சித் தேர் முடியும்வரை பலகாரக் கடைகளை மூடலாமா என்று நேற்று பஞ்சாயத்து போர்டில் பேசினார்கள். எங்கள் முதலாளியும் அதில் ஒரு மெம்பர். கடையிலிருந்து பதினோரு டம்ளர் காபி கொண்டுபோய் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன்.

"தண்ணியக் கொதிக்க வைக்காத கடையையாச்சும் மூடுங்க" என்றார் சுகாதார இன்ஸ்பெக்டர்.

"தேருக்கு வர்ற சனம் எங்க போயித் திங்கும்?" என்று முதலாளி சத்தம் போட்டார்.

"சரி, உங்க கடையில மாவாட்டுற வீரமுத்து எங்க?"

"லீவுல ஊருக்குப் போயிட்டான் சார்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மூட வேண்டாம் என்றே எல்லாரும் கை தூக்கினார்கள். ஆனால் காபியை ஒருவரும் தொடவில்லை. ஆடை படிந்த பதினோரு டம்ளரையும் திரும்பத் தூக்கி வந்தேன். முதலாளி சூடு பண்ணி விற்கச் சொன்னார். விற்றேன்.

நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். ஒரு போர்வையும் வேண்டும். என்னுடையதில் சுற்றித்தான் செவ்வாய்க்கிழமை வீரமுத்துவை வண்டியில் ஏற்றினார்கள். ஊருக்கு என்றுதான் சொன்னார்கள். அவன் கண் திறக்கவில்லை.

வந்து சேர்ந்தானா என்று எழுதுங்கள். அவன் அம்மா பெரியம்மாளிடம் கேட்க வேண்டாம். சும்மா அந்த வீட்டுப் பக்கம் போகிற மாதிரி போய், வாசலில் என் போர்வை காய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடையில் கூப்பிடுகிறார்கள்.

நல்லுசாமி