கார் கிளம்பிவிட்டது, நான்தான் கிளம்பவில்லை

காஞ்சிபுரம்,
தை மாதம்.

அன்புள்ள பேச்சியம்மாள் அக்காவுக்குத் தம்பி சுடலைமுத்து வணங்கி எழுதுவது. நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். அத்தானுக்கு இருமல் தேவலையா?

நான் டிரைவராக இருக்கும் பட்டு முதலாளி வீரபாகுவின் கார் போன வாரம் படுத்துவிட்டது. தெரு நெடுக நெசவுக்குப் பட்டு நூல் பாவு நீட்டியிருப்பதால் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்றதோடு சரி. விளக்கோ சூரியனாக எரிந்தது. பேட்டரி நல்லது, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் செத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மெட்ராஸ் மெக்கானிக்குகளே கைகட்டி நின்றார்கள்!

ஊருக்கு வர லீவு கேட்டதற்கு, “சரி பண்ணிட்டு ஊருக்குப் போய்க்கினே இருப்பா” என்றார் முதலாளி. வாசலிலேயே காரடியில் படுத்து, பழையதைக் கழற்றி வேறு மோட்டார் மாட்டினேன். சாவியைத் தொட்டதும் சிங்கமாக உறுமியது.

அதுதான் வினை. “இப்ப எப்பிடிப்பா உன்னை உட முடியும்? திருப்பதி போவணும், வேலூர்ல சம்பந்தி வூடு இருக்குது” என்கிறார்.

பூசத்தன்று செண்பகத்துக்குக் காது குத்தும்போது தாய்மாமன் என் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அத்தானின் தம்பி மடியை நீட்டினால் விடாதே. எனக்குக் கொஞ்சம் கருப்பட்டி எடுத்து வை. இங்கே காப்பி இறங்கவில்லை.

நாளைக்குச் செத்த பழைய மோட்டாரையே திரும்ப மாட்டிவிட்டு, மாற்றிய மோட்டாரும் போய்விட்டது, இதற்குப் புதுசு திருநெல்வேலியில்தான் கிடைக்கும் என்று சொல்லி பஸ் ஏறுகிறேன். முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

சுடலைமுத்து