நெரிடாவைப் பற்றி ஒரு வரி

மே 12, திங்கள்

காலையிலிருந்தே மழை. கால்நடை மருத்துவமனையில் ஒரு செம்மறிக்கிடா என் மேஜைக் காலண்டரில் ஜூன், ஜூலை இரண்டையும் தின்றுவிட்டது. அதன் வாயிலிருந்து ஆகஸ்டை மீட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கிளைவ் உள்ளே வந்தார். படகு மன்றத்தின் தலைவர். வந்தாரென்றால் ஏதோ வேலை வைக்கப்போகிறார் என்று அர்த்தம்.

வருகிற நவம்பரோடு மன்றத்துக்கு நூறு வயது. ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டுமாம். நான் எழுத வேண்டுமாம். மாதாமாதம் மன்றச் செய்திமடலை எழுதுவது நான்தானே என்கிறார். அதில் போன மாதம் நான் எழுதியது கழிப்பறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. அதுவும் நூறு வருஷ வரலாறும் ஒன்றா?

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ராய்ஸ், சால்மன் மீன் பண்ணை வேலையிலிருந்து வந்து, ஈர பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ இந்த ஊருக்கு வந்தே பதினோரு வருஷம்தானே ஆகுது, கெரின்" என்றான். கட்டிய கணவனே சொல்கிறான். நான் பிறந்து வளர்ந்த ஹோபார்ட் நகரம் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் நான் வெளியூர்க்காரிதான்.

மே 18, ஞாயிறு

படகுக் கொட்டகையில் கமிட்டிக் கூட்டம். நாற்பது பக்கம், அதில் பாதி படம் என்று முடிவாயிற்று. அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. கிளைவ், படம் கூடவும் சொற்கள் குறைவாகவும் இருக்கட்டும் என்றார். அவர் போட்ட 'குறைவு' தப்பு என்று எழுந்துவிட்டார் பொருளாளர் ஹெக்டர். எங்கள் ஆங்கிலத்தில் குறைவு இரண்டு வகை. அளக்கிற பொருளுக்கு 'லெஸ்', எண்ணுகிற பொருளுக்கு 'ஃபியூவர்'. பாலுக்குச் சொல்வதை மாட்டுக்குச் சொல்லக் கூடாது. கிளைவ் சொற்களைப் பாலாக்கிவிட்டாராம். எழுத்து என்றால் லெஸ், சொற்கள் என்றால் ஃபியூவர் என்று ஹெக்டர் வகுப்பெடுத்தார். எதுவோ ஒன்று, குறைந்தால் போதும் என்றார் கிளைவ். இருவரும் இதிலேயே ஒரு கெட்டில் தேநீரைத் தீர்த்தார்கள்.

பின்வரிசையில் மாண்டரின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த நெரிடாதான் முடித்துவைத்தார். "எழுதப்போறவ கெரின். குறைக்க வேண்டியது உங்க ரெண்டு பேரு வாயைத்தான்."

நெரிடா எங்கள் நால்வர் படகுக்குச் சுக்கான் பிடிப்பவர். எழுபது வயது. துடுப்புப் போடுகிற எங்கள் நாலு பேருக்கும் முதுகுப் பக்கம்தான் போகிற திசை. அவர் ஒருவருக்குத்தான் எதிரே ஆறு தெரியும். அவர் சொல்வதை நம்பி இழுப்போம், அவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் வரைவு முடிந்தது! படகு கட்டியவர்கள், கொட்டகை தீப்பிடித்தது, கிளைவின் அப்பா தலைவராக இருந்த காலம் (அதற்கே மூன்று பக்கம் போயிற்று, கிளைவ் கொடுத்த குறிப்புகள் அப்படி), பழைய போட்டிகள். கடைசியில் நன்றி சொல்லும் பகுதி. நெரிடாவுக்கு மட்டும் பொருத்தமாக ஒரு வரி அமையாமல் இருந்தது. துணி காயப்போடும்போது திடீரென்று வந்தது:

'நெரிடா தோர்ப்பின் பணியைப் பற்றி அதிகம் எழுதிவிட முடியாது.'

கம்பீரமாக இல்லை? ஒரே வரி, ஆனால் அதற்குள் எல்லாம் இருக்கிறது. நாளை கொட்டகை மேஜையில் வைத்துவிடுகிறேன், எல்லோரும் படித்துப் பார்க்கட்டும்.

ஜூன் 14, சனி

காலை ஆறரைக்குப் படகை இறக்கிவிட்டு நின்றோம். நெரிடா வரவில்லை. அவர் வராமல் போனதாக யாருக்கும் நினைவில்லை. அவரிடம் இருக்கும் கொட்டகைச் சாவிக்கொத்து கிளைவ் வீட்டு அஞ்சல் பெட்டிக்குள் கிடந்ததாம்.

முன்துடுப்புப் போடும் மார்னிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அவங்களைப் பத்தி எழுதறதுக்குப் பெருசா ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டியாமே. என்னடி இது?"

நான் எங்கே அப்படி எழுதினேன்?

பிறகு வரியை இன்னொரு தரம் படித்தேன். ஐயோ.

ஜூன் 15, ஞாயிறு

போனேன். கொல்லையில் அடுப்பு விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. அது பாராட்டு, எவ்வளவு எழுதினாலும் அதிகமாகிவிடாது என்ற அர்த்தத்தில் எழுதினேன் என்று விளக்கினேன். கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

"கிளைவோட அப்பாவுக்கு எவ்வளவு?"

"மூணு பக்கம்."

"அந்த மனுஷன் படகுல இருந்ததை விட தண்ணிக்குள்ள இருந்த நேரம்தான் ஜாஸ்தி. அவருக்கு மூணு பக்கம். எனக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியும், அதிகம் எழுத முடியாதுன்னு." ஒரு கட்டையை எடுத்து வைத்தார். "ரெண்டு அர்த்தம் இருக்கலாம் கண்ணு. எது சரின்னு பக்கத்தை அளந்தாலே தெரிஞ்சுபோகுதே."

விறகை எடுத்துக் கொடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஜூன் 16, திங்கள்

நல்லது சொல்லப்போய் இப்படியா ஆகணும்? ராத்திரி சாப்பாட்டுல ராய்ஸ்கிட்ட எரிஞ்சு விழுந்தேன், அவன் பாவம் உப்பு எங்கன்னுதான் கேட்டான்.

ஜூன் 21, சனி

வரியை மாற்றினேன். 'மன்றத்துக்கு நெரிடாவை விட அதிகம் செய்தவர் யாரும் இல்லை.' இதில் எந்தக் கோணலும் இருக்க முடியாது. மார்னியிடம் கொடுத்தனுப்பினேன்.

மத்தியானமே பதில் வந்துவிட்டது. தன்னை விட அதிகம் செய்தவர்கள் இல்லையென்றால், அதே அளவுக்குச் செய்தவர்கள் ஊர் முழுக்க இருக்கலாம் இல்லையா என்று கேட்டாராம். மார்னி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் கணக்குப்படி அது சரி.

சாயங்காலம் எல்லோரும் யோசனை சொன்னார்கள். 'யாருக்கும் குறையாத' என்று போடு என்றார் கிளைவ். யாருக்கும் மேலும் இல்லை என்று ஆகுமே? 'பெரும்பாலோரை விட' என்றார் ஹெக்டர். அதைப் போட்டால் நான் ஊரை விட்டே ஓட வேண்டும். ராய்ஸ் மட்டும், "நெரிடா நல்லவங்கன்னு எழுதிட்டு வந்து படுத்துத் தூங்கேன்" என்றான்.

ஜூன் 28, சனி

இன்று கிளைவ் சுக்கான் பிடித்தார். ஹியூன் ஆறு இத்தனை அகலமாக இருந்தும் நேரே ஆற்று நடுவில் இருக்கும் தீவின் சேற்றில் கொண்டுபோய்ச் சொருகினார். நாலு பேரும் முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளினோம். கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் நின்று கைதட்டினார். மார்னியின் ஒரு காலணி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நூற்றாண்டுக்காக நவம்பரில் நடக்கப்போகும் போட்டியில் மேல்கரை மன்றத்தாரை எப்படி எதிர்கொள்ளப்போகிறோம்? அவர்கள் சும்மா இருந்தாலே நாங்கள் தோற்போம்.

ஜூலை 6, ஞாயிறு

புத்தகத்துக்காகக் கொட்டகைச் சுவரில் இருக்கும் வெற்றிப் பலகைகளைப் படம் எடுத்தேன். பொன்னெழுத்துப் பெயர்கள். எடுத்து முடிக்கிற நேரத்தில்தான் உறைத்தது: சுக்கான் பிடித்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. துடுப்புப் போட்டவர்கள் மட்டும். ஏன் என்று கிளைவிடம் கேட்டேன். எப்போதும் அப்படித்தான், பலகையில் இடம் இல்லை என்றார்.

வாரம் தவறாமல் அந்தப் பலகைகளுக்கடியில் நின்று எங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறார் நெரிடா. அதற்கப்புறம் நானும் வந்து ஒரு வரி எழுதினேன்.

உண்மையைச் சொன்னால், அந்த வரி அவ்வளவு கம்பீரமாக வந்ததற்குக் காரணமே, அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாததுதான்.

ஜூலை 12, சனி

இந்த முறை கையில் எந்த வரியும் கொண்டுபோகவில்லை. பூசணி போட்ட ஸ்கோன் ரொட்டி கொண்டுபோனேன், அடிப்பக்கம் கருகியது. கதவைத் திறந்ததும், நான் வெளியூர்க்காரி, எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஒரு ஸ்கோனை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வெண்ணெய் எடுத்து வந்தார்.

மூன்று மணி நேரம் பேசினார்!

பள்ளிப் பேருந்து ஓட்டியவர் என்று தெரியும். அங்கிருந்துதான் பெண்கள் அணிக்கே ஆள் பிடித்தாராம். "கண்ணாடியில பாத்துக்கிட்டே இருப்பேன். எவ பக்கத்துல இருக்கறவனை மொத்தறாளோ, அவளுக்குத் தோள்ல பலம் இருக்குன்னு அர்த்தம். மார்னி எத்தனை பேரை மொத்தினா தெரியுமா? சனிக்கிழமை கொட்டகைக்கு வந்துருடின்னேன்."

பிறகு மூடுபனிப் போட்டி. பெண்கள் அணி முதல்முதலில் கலந்துகொண்ட வருஷம், நெரிடாவுக்கு இருபத்துமூன்று. துடுப்பின் நுனிகூடத் தெரியாத பனி. மற்ற இரண்டு படகுகள் முன்னால் போய்விட்டன. அவர் கண்ணை மூடிக்கொண்டு காதால் ஓட்டினாராம். தீவு நாணலில் தவளை கத்துகிறது, அந்தப் பக்கம் ஆழமில்லை. துறையில் ஒரு நாய், எந்தப் படகைக் கண்டாலும் குரைக்கும், அந்தப் பக்கம் கரை. நடுவில் போனால் சரி.

"அப்புறம் முன்னாடி போன ரெண்டு படகுக்காரங்களும் திட்டிக்கறது கேட்டுச்சு. என்ன கெட்ட வார்த்தை, அடேயப்பா. சரி, சேறு அங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, சுத்தி வளைச்சுப் போயிட்டேன்."

எனக்குச் சிரித்துச் சிரித்து ஸ்கோன் புரையேறிவிட்டது. அவர் முதுகில் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.

அந்த வெற்றிக்கும் பலகை இருக்கிறது. நாலு பெயர்கள்.

கிளம்பும்போது, எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுது. பெருசுபடுத்தாதே" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

ஒவ்வொரு சாயங்காலமும் எழுதுகிறேன். 'விட' இல்லை, 'மிக' இல்லை. பனி, தவளை, நாய், திட்டு. கை நிற்கவில்லை. பதினோரு பக்கம் ஆகிவிட்டது. ராய்ஸ் தானாக எடுத்துப் படித்தான். படம் இல்லாத எதையும் அவன் படித்து நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

நெரிடா போன் செய்தார். நான் அனுப்பிய பக்கங்களைப் படித்துவிட்டாராம். லைன் சரியில்லை. தப்புகள் 'ஃபியூ' என்றாரா, 'அ ஃபியூ' என்றாரா? முன்னால் அந்தச் சின்ன 'அ' இல்லாவிட்டால் தப்பே அநேகமாக இல்லை என்று பொருள். இருந்தால், சில உண்டு, வந்து வாங்கிக் கட்டிக்கொள் என்று பொருள். கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

'அ' இருந்திருக்கிறது.

நாய் பெயர் ரஸ்டி இல்லை, டஸ்டி. தவளை இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம். கெட்ட வார்த்தைகளை நான் மென்மையாக்கிவிட்டேன், அது ரொம்பத் தப்பு. ஒரு இடத்தில் 'துணிச்சலான' என்று போட்டிருந்தேன், அதை அடித்துவிட்டு, "அன்னிக்குப் பயந்து நடுங்கிக்கிட்டிருந்தேன், அப்படியே எழுது" என்றார்.

நான் எழுந்து கிளம்பும்போது, சனிக்கிழமை எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். ஆறரை என்றேன். அவருக்குத் தெரியாதா என்ன.

ஆகஸ்ட் 16, சனி

வந்தார். சாவிக்கொத்தைக் கிளைவிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டார். இடத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, என் துடுப்பு சூப் கிண்டுவது மாதிரி இருக்கிறது என்றார். எவ்வளவு நிம்மதி!

செப்டம்பர் 21, ஞாயிறு

கமிட்டி. நாற்பது பக்கத்துக்குள் அடங்கவில்லை, எதையாவது வெட்ட வேண்டும் என்றார் ஹெக்டர். எல்லோரும் ஏனோ கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் கிளைவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் அப்பாவுக்கு ஒரு பக்கம் போதும் என்றார். "அப்பாவே இருந்திருந்தா மூடுபனிக் கதையைத்தான் படிச்சிருப்பார்." சொல்லிவிட்டு வேகமாகத் தேநீர் போடப் போய்விட்டார். நல்ல மனிதர். சுக்கான் மட்டும் கொடுக்கக் கூடாது.

நவம்பர் 1, சனி

நூற்றாண்டுப் போட்டி. மேல்கரைக்காரர்கள் முதல், நாங்கள் இரண்டாவது. அரைப் படகு நீளம். இதே படகு ஜூனில் சேற்றில் கிடந்தது. கை முழுக்கக் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை.

நவம்பர் 8, சனி

அச்சகத்திலிருந்து பெட்டிகள் காலையிலேயே வந்துவிட்டன. கொட்டகை வாசலில் பிரித்து, முதல் பிரதியை நெரிடாவிடம் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், நன்றாகக் கனமாக இருக்கிறது என்றார். காரில் எதையோ மறந்துவிட்டேன் என்று போனார்.

நாங்கள் படகைத் தண்ணீரில் இறக்கி, ஏறி உட்கார்ந்து, துடுப்புகளை மாட்டிவிட்டுக் காத்திருந்தோம். வரவில்லை. இங்கே நவம்பர் வசந்தம் என்று பெயர்தான், ஆற்றுக் காற்று எலும்புவரை போயிற்று. மார்னி திரும்பிப் பார்த்துவிட்டு, "படிச்சுக்கிட்டிருக்காங்கடி" என்றாள். கார் ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே ஒரு தலை குனிந்திருப்பது மட்டும் தெரிந்தது. துறையில் நின்ற கிளைவ் கூப்பிடப் புறப்பட்டார். மார்னி துடுப்பாலேயே அவரை மறித்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் வந்தார். கையில் புத்தகம் இல்லை. தன் இடத்தில் உட்கார்ந்து சுக்கான் கயிற்றைப் பிடித்தார். "ரெடி" என்றார்.

இழுத்தோம். வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் அவர் திரும்பச் சொல்லவில்லை. தீவை முழுதாகச் சுற்றிக்கொண்டு வந்தோம். வழி நெடுக என் துடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.