அப்பாவின் காலணிக்கு ஒரு பெசோ

குய் நோன், வியட்நாம்
வியாழக்கிழமை முற்பகல்

மதிப்புக்குரிய நார்சிசோ மாமாவுக்கு,

பெர்லா எழுதிக்கொள்வது. உங்கள் கையை வாங்கி என் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தபாலில் போட்டால் நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வந்து சேரும். அதனால் விடுதிக்காரம்மாவிடம் காகிதம் வாங்கி எழுதி, போட்டோ பிடித்து, கோரிங் அத்தையின் போனுக்கு அனுப்புகிறேன். கூப்பிட்டுப் பேசலாமே என்பீர்கள். பேசினால் "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுவீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அத்தை, அண்ணனுக்கு வலிக்குமே என்று நடுவில் ஒரு வரியைக்கூட விழுங்காமல் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகள் அனாலின் நன்றாக இருக்கிறாள். வெயிலில் கறுத்துப்போய், மூக்கு உரிந்து, வாயெல்லாம் பல்லாக இருக்கிறாள். ஹோய் ஆன் என்ற ஊரில் வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளை என்னிடம் தருவதே இல்லை. ஜீப்னி வேன் ஓட்டுநரின் மகள் பின்னால் உட்கார்ந்து போனால் நம் மியாகாவ் ஊரே சிரிக்குமாம். புறப்படும்போது உங்களைப் போலவே சிலுவை போட்டுக்கொள்கிறாள், உங்களைப் போலவே லாரிக்காரனைத் திட்டுகிறாள். லாரிக்காரனுக்கு நம் மொழி தெரியாததால் இதுவரை உயிரோடு இருக்கிறோம். ஒரு மேட்டில் வண்டி திணறியபோது திரும்பிப் பார்த்து, "ஏய் மூட்டை, இறங்கி நடடீ. டிக்கெட்டும் வாங்கல, எடையைப் பாரு!" என்றாள். முதுகுப்பையோடு நான் அந்த மேட்டை நடந்தே ஏறினேன்.

இந்தக் கடற்கரை கிழக்கே பார்த்து இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் நம் நாடு. காலையில் எழுந்ததும் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்று, "அப்பா, சாப்டீங்களா?" என்று கத்துகிறாள். வலை உதறுகிறவர்கள் இப்போது அவளைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன் மாமா. நீங்கள் அங்கே ஆஸ்பத்திரியில் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று படுத்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவள் கத்தினாள், நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

நான் எழுத உட்கார்ந்தது இதைத்தான். நாங்கள் புறப்படுவதற்கு முன்பு ஒருநாள் உங்கள் ஜீப்னிக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு, வயிற்றில் கட்டி இருக்கிறது, அறுக்கப் போகிறார்கள் என்று சொன்னீர்கள். "தம்பி தங்கச்சிய ஆளாக்கறதுலயே அவ வயசு போச்சு. இப்பத்தான் முதல்தடவை ஊரைத் தாண்டறா. தெரிஞ்சா போகமாட்டா. கூட்டிட்டுப் போயிடு, அவ திரும்பறதுக்குள்ள நான் தேறிடுவேன்" என்றீர்கள். நான் உடனே தலையாட்டினேன். எவ்வளவு நல்ல பெண் என்று என் தலையைத் தடவிக்கொடுத்தீர்கள்.

நான் நல்ல பெண் இல்லை மாமா. அந்த நிமிஷம் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது உங்கள் வயிறு இல்லை, விமான டிக்கெட். அவள் வராவிட்டால் நானும் வர முடியாது. இராத்திரி இராத்திரியாகக் கண்விழித்து, யார் யாரோ வெளிநாட்டுக்காரர்களின் பில் தகராறுகளைப் போனில் கேட்டுக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்த்த லீவு அது. உங்களுக்காக ஒப்புக்கொள்வதாக உங்களிடம் காட்டிக்கொண்டேன். எனக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். இனிமையான குரலில் பொய் சொல்வதுதான் எங்கள் கால் சென்டரில் எங்களுக்குச் சம்பளம் தரும் வேலை. அந்த வித்தையை உங்கள் மகளிடமே காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஹோய் ஆனில் அளவெடுத்துக் காலணி தைக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெளியூரிலிருந்து திரும்புகிறவர் வெறுங்கையோடு வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது நம் வழக்கம்தான், ஆனால் இவள் வாங்கிக் குவிப்பதில் பாதி உங்களுக்கே. புறப்படுமுன் உங்களைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்துக் காலைச் சுற்றி வரைந்து எடுத்துக்கொண்டாளே, அதைக் கடைக்காரரிடம் விரித்துக் காட்டினாள். இடது கால் பெரிதாக இருந்தது. "கிளட்ச் மிதிச்சு மிதிச்சே எங்கப்பாவுக்கு அந்தக் கால் மட்டும் வீங்கிப் போச்சுங்க" என்று சைகையில் மிதித்துக் காட்டிச் சிரித்தாள். கடை முழுக்கச் சிரித்தது. அது என்ன வீக்கம் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோலின் நிறம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

காலணி இப்போது என் பையில்தான் இருக்கிறது, அவள் பையில் இடம் இல்லை. பழுப்புத் தோல், மெத்தென்ற அடி. இடது கால் அகலமாகத் தைத்திருக்கிறார்கள். காலணியைச் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொண்டவர் நம்மை விட்டு நடந்து போய்விடுவார் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? அதற்காக ஒரு பெசோவாவது கையில் வாங்க வேண்டும். "அப்பா மறந்துடுவாரு, அவருக்குப் பதிலா நீயே இப்ப ஒரு பெசோ குடுத்துடு, கணக்கு முடிஞ்சுடும்" என்று என்னிடம் கை நீட்டினாள். என் பையில் நம் நாணயங்கள் இருந்தன. எடுக்கக் கை வரவில்லை. உங்களுக்குப் பதிலாக நான் கொடுப்பதா? அவரே கொடுக்கட்டும் என்று சொன்னேன். "கஞ்சப்பிசினாறி!" என்று என் மண்டையில் குட்டினாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அத்தையும் முன்கூட்டியே ஜீப்னி அருகில் நின்று எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக அனுப்பும் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அதே சிவப்புச் சட்டை. ஒரே நாளில் எடுத்தாலும் சட்டையையாவது மாற்றியிருக்கக் கூடாதா? முதலில் அவளுக்குச் சிரிப்பு. "அப்பாவுக்கு வேற சட்டையே இல்லையாடீ?" என்று வழியில் நிறுத்தி இரண்டு சட்டை வாங்கினாள். நேற்று சிரிக்கவில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எப்ப கூப்பிட்டாலும் அத்தைதான் எடுக்கறாங்க. அப்பாவுக்கு என்மேல கோவமா பெர்லா? நான் விட்டுட்டு வந்ததுக்கா?" என்றாள். நீங்கள் ஜீப்னி ஓட்டும் வழியில் டவர் சரியில்லை, அதனால் போனை அத்தையிடம் விட்டுப் போகிறீர்கள் என்று சொன்னேன். அவள் நம்பினாள். நான் சொன்னதால் நம்பினாள்.

அத்தையின் செய்தி இன்று காலை என் போனுக்கு வந்தது. அனாலின் கடலில் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் போன், செருப்பு எல்லாம் என் மடியில். வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் எதையும் எடுக்காமல் அப்படியே தைத்துவிட்டார் என்று அத்தை எழுதியிருந்தார்கள். இனி எத்தனை நாள் என்பதைப் பற்றி டாக்டர் சொன்னதையும் எழுதியிருந்தார்கள். கடைசியில் உங்கள் வார்த்தை: "அவ நியா ட்ராங் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரட்டும். ஒண்ணும் சொல்லாதே."

தண்ணீரிலிருந்து அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை மாமா.

வண்டியை இன்றைக்கு எடுக்கக் கூடாது என்று, பிரேக் சரியில்லை என்றேன். யாரிடம் சொல்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "பிரேக்குக்கு என்ன கேடு? உன் மூளைக்குத்தான்" என்றாள். உடனே எனக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையை இழுத்து மூடினாள், கஞ்சி எங்கே கிடைக்கும் என்று விடுதிக்காரம்மாவைச் சைகையில் கேட்டுக்கொண்டு வெயிலில் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். வயிறு சரியில்லாத ஒருவருக்குக் கஞ்சி கொண்டுவர உங்கள் மகள் அலைகிறாள். அந்தக் கஞ்சியைக் குடிக்க வேண்டியது நான் இல்லை.

உங்கள் சொல்லை நான் மீறுவது இதுதான் முதல்தடவை. அவளை நீங்களே கூப்பிடுங்கள். இன்று சாயங்காலத்துக்குள் கூப்பிடுங்கள். குரல் எழும்பாவிட்டாலும் பரவாயில்லை, அத்தை போனைக் காதோரம் பிடித்துக்கொள்ளட்டும். அவள் அழுவாள், உங்களையும் திட்டுவாள், லாரிக்காரனைத் திட்டுவதைவிட மோசமாகத் திட்டுவாள். வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கூப்பிடவில்லை என்றால் நானே சொல்லிவிடுவேன். ஆனால் என் வாயால் கேட்டால், இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் சொன்ன சேதியாகத்தான் அது அவள் மனதில் நிற்கும். உங்கள் வாயால் கேட்டால் அப்பா சொன்னதாக இருக்கும். என்னை அவள் மன்னிக்காமல் போகலாம். அது எனக்கு வேண்டியதுதான். உங்களை மன்னிக்க அவளுக்கு நேரம் வேண்டும், அதைக் கடலோரத்தில் நாங்கள் செலவழித்துக்கொண்டிருக்கக் கூடாது.

சைகோன் வழியாக மணிலாவுக்கு நாளைக் காலை இரண்டு இடம் எடுத்துவிட்டேன். வண்டியை இங்கேயே ஒப்படைக்க விடுதிக்காரம்மாவின் மகன் உதவுவதாகச் சொல்லியிருக்கிறான். நீங்கள் பேசி முடித்ததும் நாங்கள் மூட்டை கட்டுவோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பெசோ நாணயத்தை உங்கள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தை, சில்லறைக்கு என்று அதை எடுத்துவிடாதீர்கள். அவள் வந்து காலணியை உங்கள் காலில் மாட்டிவிடும்போது, அதை நீங்களே அவள் உள்ளங்கையில் வைக்க வேண்டும்.

படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது. நாங்கள் வந்துகொண்டே இருக்கிறோம் மாமா. அதுவரை எங்கேயும் நடந்து போய்விடாதீர்கள்.

கடவுள் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
பெர்லா