‘அம்மா பார்க்க’ என்ற ஃபோல்டர்

என் சுண்டுவுக்கு,

மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள். இங்கே நாங்கள் மூவரும் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் மாடிப்படி ஏறும்போது மட்டும் என் காதில் விழும்படி முனகுகிறார். உன் தங்கை வாலுவுக்கு முன்பல் ஒன்று விழுந்து ‘ச’ எல்லாம் காற்றாகப் போகிறது. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற அம்மாவுக்கு என் பல்லைக்கூடக் காப்பாத்தத் தெரியலையே என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். போன வாரம் அவளைக் கூப்பிடப் போனபோது புது ஆசிரியை என்னைப் பார்த்து நீங்க பெரிய அக்காவா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் ஓடிவந்து உனக்குத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இருபது வயதில் உன்னைப் பெற்றவள் என்பதால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வளர்ந்தோம் என்று நீ சொல்வாயே, அப்படி வளர்ந்தது போதவில்லை போலிருக்கிறது எனக்கு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹாலில் டிவியோடு இணைத்து நீ அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டரில் காகித லிஃப்ட்காரரை இம்மி இம்மியாக நகர்த்தி உன் படத்துக்காக நீ எடுத்த போட்டோக்கள் இருந்த பகுதியை நான் அழித்துவிட்டேன். தெரியாமல் கை பட்டு அழியவில்லை. யோசித்து, சரிபார்த்து, நானேதான் அழித்தேன். அதனால்தான் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். அப்பா ஆட்டங்களைப் பதிவு செய்கிற டி டிரைவ் நிரம்பி, ஒரு ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. கடைசிப் பத்து நிமிஷத்தை விட்டுட்டு எதுக்கு மேட்ச் பாக்கணும் என்று அவர் இரண்டு நாள் புலம்பினார். சரி, மருத்துவமனையில் மூவாயிரம் பேருடைய கோப்புகளைப் பிசகில்லாமல் அடுக்கி வைப்பவள் நான், வீட்டில் ஒரு டிஸ்க்கை ஒழுங்குபடுத்த முடியாதா என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். டி-யில் ‘அம்மா பார்க்க’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் உன் லிஃப்ட்காரர் படத்தின் இருபத்திரண்டு காட்சிகளும் தனித்தனி ஃபோல்டராக வரிசையாக இருந்தன. இ டிரைவைத் திறந்தால் அதே இருபத்திரண்டு, அதே பெயர்கள். ஒரே கோப்பு இரண்டு அலமாரியில் இருக்கக் கூடாது என்பது எங்கள் மருத்துவமனையில் முதல் பாடம். டி-யில் இருந்ததில் ஐந்து காட்சிகளைத் திறந்து பார்த்தேன், எல்லாம் திறந்தன, காகித லிஃப்ட்காரர் தொப்பியோடு நின்றார். பிறகு இ பார்ட்டிஷனை, டிஸ்க்கில் அந்தத் தனிப் பகுதியையே, நீக்கி அந்த இடத்தை டி-யோடு சேர்த்தேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது. இன்னொன்று இருக்கிறதே என்று தெம்பாகச் சம்மதம் கொடுத்தேன். அப்பாவைக் கூப்பிட்டு இடம் இரண்டு மடங்காகிவிட்டதைக் காட்டிப் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

மறுநாள் வாலு உன் படத்தைப் பார்க்கப் போனாள். ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் குட்டியாக ஒரு வளைந்த அம்புக்குறி இருந்ததை நானும் பார்த்திருந்தேன், அலங்காரத்துக்கு நீ போட்டது என்று நினைத்தேன். வாலு தலையில் கைவைத்துக்கொண்டு, ஐயோ அம்மா, அது ஷார்ட்கட்மா, நீ தேடாம பாக்கணும்னு அக்கா வழி மட்டும் வச்சிருந்தா, சாமான் எல்லாம் இ-யிலதான் இருந்துச்சு என்றாள். வழியை வைத்துக்கொண்டு வீட்டை இடித்துவிட்டேன். மொத்த அளவு எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நான் சிரமப்படக் கூடாது என்று நீ எனக்காக வைத்த ஃபோல்டரை நம்பித்தான் உன் உழைப்பை அழித்தேன். அதோடு, நீ விடுதிக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போகிறேன் என்றாய். அங்கே யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க, வீட்ல இருந்தா பத்திரம்டி என்று தடுத்தவளும் நான்தான்.

இதுவரை சொன்னது என் முட்டாள்தனம். இனிமேல் சொல்லப்போவதுதான் என் தப்பு. அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருந்தால், கம்ப்யூட்டரை உடனே அணைம்மா, எதையும் தொடாதே என்று நீ சொல்லியிருப்பாய். நான் கூப்பிடவில்லை. பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது என்று வாலுவிடமும் சத்தியம் வாங்கினேன், ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பொய் பழக்கினேன். அந்தப் பதினோரு நாளும் அப்பாவின் ஆட்டங்கள் தினமும் பதிவாகிக்கொண்டே இருந்தன. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார் என்பதற்காக நான் நிறுத்தவில்லை. நீ போனில், அம்மா அந்த ஃபோல்டரை அனுப்பு, மாசக் கடைசிக்குள்ள படத்தைக் காலேஜ்ல காட்டணும் என்றபோதும் நெட் மெதுவாக இருக்கிறது என்று சொன்னேன். நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

நீ அப்படிப் போனில் கேட்ட அன்றிரவே அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினார். மறுநாள் இறுதி ஆட்டம், அது கெடக்கு விடு என்றார். மூன்று தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரிடம் போனோம். அழித்தது உடனே போய்விடாது, அதன்மேல் புதிதாக எழுதினால்தான் போகும், அன்னைக்கே கொண்டு வந்திருந்தா முக்கால்வாசிக்கு மேல தேறியிருக்கும்மா என்றார் அவர். ஆக, உன் படத்தின்மேல் ஆட்டங்களை ஓடவிட்டது என் மௌனம்தான். அவர் மூன்று நாள் முயன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரம் போட்டோக்களில் ஆயிரத்து நூற்று நாற்பதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் கலைந்து கிடக்கின்றன. மேலே எழுதப்பட்டது போனது போனதுதான் என்றும் சொல்லிவிட்டார். தேறியதைப் பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன், இன்னொரு பிரதி அவரிடமும் இருக்கிறது.

உன் தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கியாவது உடனே பார்த்துவிடு. நாங்கள் பார்த்தவரை, லிஃப்டை விட்டு அவர் வெளியே இறங்கும் கடைசிக் காட்சி எங்கேயும் இல்லை. அம்மா, லிஃப்ட்காரர் உள்ளேயே மாட்டிக்கிட்டார் என்று வாலு சிரிக்கத்தான் தொடங்கினாள், பாதியில் அழுதுவிட்டாள். கலைந்ததை நானே வரிசைப்படுத்தி அனுப்பலாம் என்று கை துறுதுறுத்தது. எட்டு மாதம் சாப்பாட்டு மேசையை உனக்கு விட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள், அட்டை லிஃப்டில் எந்தக் கறை எந்தக் காட்சிக்குப் பிறகு வந்தது, வாலு தும்மி லிஃப்ட்காரரின் சட்டைக் கை கிழிந்தது எப்போது என்று எனக்கு அத்துப்படி. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டேன். கேட்காமல் அடுக்கியதெல்லாம் போதும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் அழுவேன், நீ உடனே பரவாயில்லம்மா என்பாய். அந்த வார்த்தையை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கோபப்படு, நிதானமாகக் கோபப்பட்டு முடித்துவிட்டு எழுது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடு. லிஃப்ட்காரரும் அந்த அட்டை லிஃப்டும் பரண்மேல் செருப்புப் பெட்டியில் நீ ஒட்டிய நாடாவோடு அப்படியே இருக்கின்றன, பெட்டியைத் திறக்கவில்லை. இன்று மாலை நானும் அப்பாவும் மேசையைக் காலி செய்து ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டோம், நீ படம் எடுத்தபோது மேசைக்கால் நின்ற தடம் தரையில் இன்னும் தெரிகிறது, அதே இடத்தில்தான் வைத்திருக்கிறோம். ராத்திரி தரையில்தான் சாப்பிட்டோம். போன காட்சிகளை நீ லீவு போட்டு வந்து மறுபடி எடுப்பதானாலும் சரி, போனிலேயே இருந்துகொண்டு இங்கே நகர்த்து அங்கே நகர்த்து என்று எங்களை வேலை வாங்குவதானாலும் சரி. அப்பா வெளிச்சம் பிடிப்பாராம், வாலு தும்ம மாட்டாளாம். நான் நீ சொன்னதை மட்டும் செய்வேன்.

நல்லபடியாக இரு, தொட்டதெல்லாம் உனக்குத் துலங்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடாதே, ஈரத் தலையோடு படுக்காதே. எதையும் இரண்டு இடத்தில் வைத்துக்கொள், இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லாவிட்டாலும் சொல்கிறேன். பெட்டியைத் திறக்கலாமா வேண்டாமா என்று மட்டும் ஒரு வரி சீக்கிரம் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா